கத்திரி வெயிலில் கழற்றிய கம்பளி

கல்மண்டபத்தில் மூன்று மாடி வீடு கட்டியவன் நான். வண்ணாரப்பேட்டையில் பிள்ளைத்துணிக் கடை போட்டேன். கடைக்குப் பின்னால் பதினோரு தையல் மிஷின் ஓடுகிற கூடம், அதுவும் நான் போட்டதுதான். கூடத்துக்கு மேல் துணி உலர்த்தத் தகரக் கொட்டகை. தகரம் பறக்காமல் இருக்கத் துறைமுகத்தில் கற்ற முடிச்சை என் கையால் போட்டேன். எத்தனையோ புயல் வந்து போயிற்று, முடிச்சு அப்படியே இருக்கிறது. நாலு பெண், ஒரு பையன், ஐந்து பேரையும் கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே அனுப்பினேன். நான் தாண்டியது மூன்றாம் வகுப்பு வாசலைத்தான், அதுவும் வெளியே வருவதற்கு.

கப்பலின் அடிக்கிடங்கில் மூட்டை தூக்கியவனுக்கு ஊசி நூல் எதற்கு என்று சிரித்தார்கள். இடம் வாடகைக்குக் கேட்டபோது, பொம்பளை வேலை செய்கிற ஆம்பிளைக்கு இடமில்லை என்றார்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது, குழியோடு நின்றுவிடும் என்று மீன் கடையில் நின்று பேசினார்கள். மூன்று மாடியும் நிற்கிறது. பேசினவர்கள் இல்லை.

பெருமைக்கா இதைச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான். உழைத்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

ஆனால் நான் முதலில் கட்டியது வீடும் இல்லை, கடையும் இல்லை. ஒரு சட்டை. கையை விரித்து வைத்தால் மறைந்துவிடும், அவ்வளவுதான் அது. கோணி ஊசியால் தைத்தேன். என் மூத்த மகள் உயிரோடு இருப்பதற்கும் அந்தச் சட்டைக்கும் சம்பந்தம் உண்டு. அந்தக் கதையை என் குடும்பத்திலேயே தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள், என்னை விட்டுவிட்டு. அதனால்தான் பேனாவைப் பிடித்து உட்கார்ந்தேன்.

கதை அவளிடமிருந்து தொடங்கவில்லை. அவளுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். வெள்ளைக்காரன் போய் ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். கார்த்திகை மாதம், விடாத மழை. துணிக்கும் ரேஷன் இருந்த காலம் அது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடக்கூடாது, பலமுறை துவைத்த பழந்துணிதான் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்களிடம் இருந்ததெல்லாம் பழந்துணிதான், அதனால் வழக்கத்துக்குக் குறை வைக்கவில்லை. ஆனால் மழையில் எதுவும் காயவில்லை. கூரை ஒழுகியது. பாதி காய்ந்த துணியைப் பிள்ளைக்குச் சுற்றினோம். என் மனைவியின் அக்கா பிரசவம் பார்க்க எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அவர்களுக்குத் தாய் இல்லை, அக்காதான் தாய் ஸ்தானம். அவள் சொன்னாள்:

"மாப்ளே, கொயந்த கால் சில்லுனு கீது. எங்கனா ஒரு கம்பளி வாங்கியா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "துறைமுகத்தான் புள்ள அக்கா. அதுக்கு ஒண்ணியும் ஆவாது."

ஒன்பதாம் நாள் காலையில் மார்ச்சளி கட்டி அவன் போய்விட்டான். அக்காவின் மடியில்தான் போனான். ஞானஸ்நானம் கொடுக்கக் கோயிலுக்கு எடுத்துப் போக நேரமில்லாமல், அவளே செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து அவன் தலையில் ஊற்றி ஜெபம் சொன்னாள். அவனுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் ஒரு பெயர் வைத்தோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்த வாரமே நான் மூர் மார்க்கெட் போனேன். ஊருக்குத் திரும்பிப் போன துரைமார் வீட்டுச் சாமானெல்லாம் அங்கே குவிந்து கிடந்த காலம். பிள்ளைக் கம்பளி ஒரு ஜதை கிடைத்தது. கழுத்து வரைக்கும் பொத்தான் வைத்த மேல்சட்டை, காதை மூடுகிற குல்லா, முழங்கால் வரைக்கும் காலுறை. விற்றவன் அதைத் தட்டிக் காட்டிச் சொன்னான்:

"லண்டன் குளுருக்கே தாங்கின சரக்கு, மாமு. உன் கல்மண்டபத்துக்குத் தாங்காதா?"

நியாயமான கேள்வி என்று எனக்குப் பட்டது. வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை எவனும் என்னைக் குறை சொல்ல முடியாது என்று நினைத்தேன். மாதத்தை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

பெண் பிறந்தது கத்திரி வெயிலில். தார் உருகி ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற நாட்கள். அந்த வெயிலில் பிறந்த குழந்தைக்குக் கம்பளிச் சட்டை, குல்லா, காலுறை, அதற்கு மேல் ஒரு போர்வை. ஜன்னலைச் சாத்தி, சாத்திய இடுக்கில் கோணியைச் செருகி வைத்தாள் அக்கா. நானும் தடுக்கவில்லை, செருகுவதற்குக் கோணி கொண்டு வந்து கொடுத்தவனே நான்தான். குழந்தையின் கழுத்து மடிப்பெல்லாம் சிவந்து பொரிப்பொரியாக வந்தது. "ஒடம்பு கொதிக்குதே" என்று என் மனைவி சொன்னாள். "சில்லுனு இருந்தாத்தான் பயப்படணும்" என்று நான் சொன்னேன். எங்கள் மூன்று பேருக்கும் இரண்டு கண் இருந்தும், நாங்கள் பார்த்தது பையனை வாரிக்கொண்டு போன மழையைத்தான். எதிரே அடித்த வெயில் எங்கள் கண்ணில் படவில்லை.

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் கோயிலுக்குப் போகக்கூடாது, அதனால் மனைவி வீட்டில். அக்காதான் ஞானத்தாய். தன் கல்யாணத்துக் கவுனை வெட்டி, சாட்டின் துணியில் தரை வரைக்கும் நீளுகிற வெள்ளை அங்கி ஒன்று தைத்து வைத்திருந்தாள். உள்ளே கனத்த உள்துணி. முன்பக்கம் கொக்கி மட்டும் பன்னிரண்டு. பையனுக்குக் கோயில் கிடைக்கவில்லை, அங்கி கிடைக்கவில்லை, இவளுக்கு எல்லாமே கிடைக்க வேண்டும் என்று ஆறு மாதம் உட்கார்ந்து தைத்தாள். கம்பளிக்கு மேலேயே அதைப் போட்டுக் கொக்கி மாட்டினாள்.

வாசலில் ஜட்கா வண்டி நின்றது. என் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தோ பாரு. போன தபா மாறி வெறுங்கையோட வந்து நிக்காத."

அவ்வளவுதான் சொன்னாள். பையனைப் புதைத்துவிட்டு நான் வீடு திரும்பிய நாளைத்தான் சொன்னாள்.

மணி பதினொன்று இருக்கும். எங்கள் பக்கத்தில் கத்திரியில் காலையெல்லாம் நிலக்காற்று அடிக்கும், அடுப்பு வாயிலிருந்து வருகிற மாதிரி. மதியத்துக்கு மேல்தான் கடல் காற்று திரும்பும். கப்பலில் வேலை செய்கிறவனுக்கு அது மணி பார்க்காமலே தெரியும்.

"கடக்காத்து வரட்டும் அக்கா, அப்பால போலாம்."

"சாமியாரு உனக்கோசரம் குந்திகினு இருப்பாரா? ஏறு மாப்ளே."

ஜட்காவின் திரையை இரண்டு பக்கமும் இழுத்து விட்டாள், காற்றும் படக்கூடாது, கண்ணும் படக்கூடாது என்று. கோயிலுக்குப் போய்ச் சேரும் வரைக்கும் குழந்தை நைநை என்று அழுதுகொண்டே வந்தது. கோயிலில் ஒரு கல்யாணம் முடியவில்லை. முகப்பு மண்டபத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். கூட்டம். எல்லாரும் அங்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"எம்மாம் சமத்து பாரு. இம்மாம் நேரம் கத்திகினு இருந்துச்சு, இப்ப சத்தமே இல்ல."

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு மட்டும் அந்த வார்த்தை உள்ளே போய்க் குத்தியது. சத்தமே இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். கத்திரியில் கப்பலின் அடிக்கிடங்கு எப்படி இருக்கும் என்று இறங்கினவனுக்குத்தான் தெரியும். மேலே இரும்புத் தட்டு காயும், கீழே கரி காயும், நடுவில் நாங்கள். எங்கள் மேஸ்திரி கிழவர் மேலே நின்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பார். யாராவது வெயில் தாங்காமல் கூச்சல் போட்டால் அவர் கவலைப்பட மாட்டார். "கத்துறவன வுடு. சொம்மா கீறவன மேல தூக்கு" என்பார். நான் சேர்ந்த வருஷம் அப்படிச் சும்மா உட்கார்ந்த ஒருவனை மேலே தூக்கினோம். வியர்வை இல்லை. உடம்பு காய்ந்த தோசைக்கல். மேஸ்திரி அவன் சட்டையைக் கிழித்தார், நிழலில் போட்டார், ஈரத்துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்தார், சாக்கால் விசிறச் சொன்னார். அவன் எழுந்து உட்கார்ந்தான். மறுவாரம் வேலைக்கு வந்தான்.

நான் குழந்தையின் குல்லாவுக்குள் விரலை விட்டேன். அதே சூடு. அதே காய்ந்த தோல். உதடு வெடித்திருந்தது. கன்னத்தைத் தட்டினால் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. தலை துவண்டு அக்காவின் முழங்கை மேல் தொங்கியது.

"குடு அக்கா."

"இன்னாத்துக்கு?"

"கயிட்டணும். எல்லாத்தியும் கயிட்டணும்."

"உனக்கு இன்னா, பைத்தியமா? தீர்த்தம் ஊத்துற நேரத்துல துணிய கயிட்றேன்றான். காத்து பட்டுச்சுனா மாரு அடைச்சிக்கும். ஒருத்தன வாரிக் குடுத்தது போதாதா உனக்கு?"

கோயில் மண்டபத்தில், அத்தனை பேர் முன்னால், அதைச் சொன்னாள். குழந்தையை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன், ஒத்துக்கொள்கிறேன். தரையில் உட்கார்ந்து மடியில் போட்டேன். பன்னிரண்டு கொக்கியையும் ஒவ்வொன்றாகக் கழற்ற எனக்குப் பொறுமை இல்லை. மூன்று கழன்றது, மிச்சம் பிய்ந்தது. குல்லாவின் நாடா இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து அறுத்தேன். கம்பளியைக் கழற்றியபோது அதன் உள்பக்கத்திலிருந்து, வெந்த சோற்றுப் பானையைத் திறந்தது மாதிரி ஆவி அடித்தது.

மண்டபத்து மூலையில் குடிதண்ணீர்ப் பானை இருந்தது. தோள் துண்டை அதில் முக்கிப் பிழிந்தேன். கழுத்து, அக்குள், உள்ளங்கால், நெற்றி என்று துடைத்தேன். சுற்றி நின்றவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"ஐய, கோயிலாண்ட அம்மணமா வச்சிகினு குந்திகீறான் பாரு!"

"துறைமுகத்தான்யா. மருவாதி தெரிஞ்சா இப்பிடிப் பண்ணுவானா?"

"சாமி இத்த அனுப்பசொல்ல இன்னா துணி போட்டு அனுப்சாரு, சொல்லு பாக்கலாம்" என்றேன் தலையைத் தூக்காமல்.

காற்று மட்டும் இல்லை. அண்ணாந்து பார்த்தேன். அக்கா பிய்ந்த அங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். "விசிறு!" என்று கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை. "அந்த அங்கியால விசிறு அக்கா!"

அவள் விசிறினாள். இதை நான் மறைக்க மாட்டேன். என்னைத் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே, தன் கல்யாணத் துணியை இரண்டு கையாலும் பிடித்து விசிறினாள். விசிறிக்கொண்டே இருந்தாள். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் ஒரு கால் விரல் அசைந்தது. பிறகு முகம் கோணியது. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு ஒரு அழுகை அழுதாள் பாருங்கள், உள்ளே கல்யாண வீட்டார் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த அழுகையைக் கேட்டுத்தான் சாமியார் வெளியே வந்தார். இந்த வரிசையைக் கவனமாகப் படியுங்கள். துண்டு, விசிறல், அழுகை, அதற்குப் பிறகு சாமியார்.

"என்னப்பா இது, கோயில் வாசலில்?" என்றார்.

"சூடு ஏறிடுச்சு சாமி. எறக்கினு கீறேன்."

அவர் குனிந்து குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தார். "சரி, உள்ளே கொண்டு வா. மேலே போர்த்த வெள்ளைத் துணி எங்கே?"

ஞானஸ்நானத்தில் பிள்ளை மேல் வெள்ளைத் துணி ஒன்று போர்த்த வேண்டும், அது முறை. அக்கா அங்கியை நீட்டினாள். அது தரையில் புரண்டு மண்ணாகிக் கிடந்தது. நான் கட்டியிருந்தது பழைய மல் வேட்டி, எனக்கு இருந்த ஒரே வெள்ளை வேட்டி. துவைத்துத் துவைத்து வெங்காயச் சருகு மாதிரி ஆனது. அதன் முனையைப் பல்லில் கடித்து ஒரு முழம் கிழித்தேன்.

"இது ஆவுமா சாமி?"

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெள்ளைதானே? போதும்" என்றார்.

என் மகள் கிறிஸ்தவள் ஆனது என் வேட்டித் துணியில்.

வீட்டு வாசலில் மனைவி நாங்கள் போனபோது நின்ற அதே இடத்தில் நின்றாள். குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். அது பசியில் பாய்ந்து குடித்தது. அப்புறம்தான் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வேட்டி இன்னா ஆச்சு?"

"உம் பொண்ணு கட்டிகினு கீறா."

அன்று வெயில் தாழ்ந்ததும் ஜன்னல் இடுக்கிலிருந்த கோணியை உருவி எறிந்தேன். வேட்டித் துண்டைத் தரையில் விரித்து மடித்து வெட்டினேன். வீட்டில் இருந்தது கோணி ஊசி ஒன்றுதான், கிழிந்த மூட்டை தைப்பதற்கு நான் இடுப்பில் செருகி வைத்திருப்பது. அதையே எடுத்தேன். மாவு மூட்டை வாயில் இருந்து உருவிய நூல். கழுத்து வழியே நுழைக்க வேண்டாம், முதுகில் திறப்பு, இரண்டு இடத்தில் நாடா முடிச்சு. பொத்தான் இல்லை, கை இல்லை. அக்கா மூன்று மணி நேரமாக என்னோடு பேசாமல் இருந்தவள், அதைப் பார்த்ததும் வாயை அடக்க முடியாமல் கேட்டாள்:

"கொயந்திக்குச் சட்டையா தைக்கிற, இல்ல அரிசி மூட்டைக்கு வாய் தைக்கிறியா?"

"நான் தச்ச மூட்டையில ஒரு அரிசி சிந்தினதா எவனாவது சொல்லியிருக்கானா?"

ஊசி போட்ட ஓட்டையெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. நல்லதுதான், காற்று போயிற்று. கத்திரி முடியும் வரைக்கும் பகலில் அந்த ஒற்றைச் சட்டை. ராத்திரியில் கடல் காற்று சில்லென்று அடித்தால் மேலே ஒரு பழந்துணி. கழுத்துப் பொரி நாலே நாளில் அமுங்கியது. கார்த்திகை வந்தபோது நானே தேடிப் போய் அந்த லண்டன் கம்பளியை எடுத்தேன். அதற்குள் பெண் வளர்ந்துவிட்டாள், கை நுழையவில்லை. கம்பளியின் இரண்டு கையையும் வெட்டி எறிந்துவிட்டு, காய்ந்த சட்டைக்கு மேல் மார்பை மூடப் போட்டேன். துணிகளை அடுப்புக்கு மேல் கயிறு கட்டி உலர்த்தினேன். பையனுக்குச் செய்யாததை அந்த மழையில் செய்தேன். அவள் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

தெருவில் பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் தொழில் வந்தது. புதுத்துணி போடக்கூடாது என்கிற வழக்கத்தை நான் மீறவில்லை. மல் துணியை நெசவில் போட்ட கஞ்சி போகிற வரைக்கும் மூன்று தரம் அலசி, வெயிலில் போட்டு, பழந்துணி மாதிரி மெத்தென்று ஆக்கிய பிறகுதான் கத்தரி வைப்பேன். வண்ணாரப்பேட்டையில் இன்றைக்கு எத்தனையோ பேர் அதைச் செய்கிறார்கள். முதலில் செய்தவன் எவன் என்று கேளுங்கள். அக்காவே தன் பேரப்பிள்ளைகளுக்கு என் கடைச் சட்டையைத்தான் வாங்கினாள், வேறு ஆளை அனுப்பி, எனக்குத் தெரியக்கூடாது என்று. எனக்குத் தெரிந்தது. நான் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது சங்கதிக்கு வருகிறேன். என் மகள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதில் அந்தச் சாட்டின் அங்கியை வெளுத்து, கொக்கி தைத்து மடித்து வைத்திருக்கிறாள். கீழே அட்டையில் எழுதியிருக்கிறாள், ஞானஸ்நானத்தில் நான் உடுத்திய அங்கி என்று. வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறார்கள்: துவண்டு கிடந்த பிள்ளை தீர்த்தம் பட்டதும் கண் திறந்ததாம், அன்றைக்குக் கடல் காற்றே சீக்கிரம் வந்ததாம். கடல் காற்று அது வருகிற நேரத்துக்குத்தான் வந்தது. நான் ஜட்காவில் திரும்பும்போது வந்தது.

நான் சாமியோடு சண்டைக்கு நிற்கவில்லை. தீர்த்தம் பெரியது. ஆனால் அது பட்டது ஏற்கனவே அழுத பிள்ளை மேல். கம்பளி வாங்கி வந்த முட்டாளும் நான்தான், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், எனக்கு வெட்கமில்லை. கழற்றியதும் நான்தான். அதை விட்டுவிட்டுக் கதை சொல்லாதீர்கள்.

மகளே, இது உனக்கு. என் தகரப் பெட்டியில் அடியில் அந்தச் சட்டை இருக்கிறது, வேட்டித் துண்டு, மாவு மூட்டை நூலோடு. கண்ணாடிப் பெட்டியைத் திற. உன் பெரியம்மா அங்கி அங்கேயே இருக்கட்டும், ஆனால் அட்டையை மாற்று. இதனால் விசிறினார்கள் என்று எழுது, அதுதான் உண்மை, அவளுக்கும் அதுதான் மரியாதை. பக்கத்தில் என் சட்டையை வை. அதற்குக் கீழே, ஞானஸ்நானத்தில் போர்த்திய துணி இது, என் அப்பா கிழித்து, என் அப்பா தைத்தது என்று எழுது. பெரிய எழுத்தில் எழுது. உன் கையெழுத்து நன்றாக இருக்கும். உன்னைப் படிக்க வைத்தவனும் நான்தான்.